கடைக் கம்ப்யூட்டரில் பயாஸும் விண்டோஸும்

மளிகையானாலும் ஜவுளியானாலும் தாம்பரம், குரோம்பேட்டைக் கடைத்தெருக்களில் இன்று பில் போடுவது கம்ப்யூட்டர்தான். காலையில் அது கிளம்பவில்லை என்றால், "விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ரிப்பேர்க்காரர் சொல்லக்கூடும். உடனே தலையாட்ட வேண்டாம். ஃபார்மட் செய்தால் பாக்கிக் கணக்கும் அழிந்து போகலாம். கோளாறு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, பயாஸ். மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் பதிந்திருக்கும் சிறு புரோகிராம் இது. 1981ல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்தது, பிற்கால இயந்திரங்களில் யூ.இ.எஃப்.ஐ. என்ற புது வடிவம் பெற்றது. ஷட்டரைத் திறந்து, விளக்கு, தராசு, கல்லாவைச் சரிபார்க்கும் ஊழியரைப் போல, மெமரி, கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றை இது சோதிக்கிறது. பிறகு டிஸ்கில் உள்ள விண்டோஸை எழுப்பி, பொறுப்பை ஒப்படைக்கிறது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபின் வியாபாரம் அவர் கையில்!

ஆகவே, விண்டோஸ் தோன்றுமுன்பே இயந்திரம் நின்றாலோ, விட்டு விட்டு பீப் ஒலி எழுப்பினாலோ, பெரும்பாலும் மெமரி, கேபிள், டிஸ்க் போன்ற பாகங்களில்தான் கோளாறு. விண்டோஸ் வரத் தொடங்கியபின் நின்றால், விண்டோஸையோ டிஸ்கையோ சந்தேகிக்கலாம்.

தேதியும் இப்படித்தான் கைமாறுகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டுவது, பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற, நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி. அந்தக் கடிகாரத்திடம் விண்டோஸ் தேதி கேட்கிறது. விண்டோஸிடம் பில் புரோகிராம் கேட்கிறது. பாட்டரி தீர்ந்தால் என்றோ கடந்த தேதியில் ஜி.எஸ்.டி. பில் அச்சாகும், ஜி.எஸ்.டி. இணையதளமும் திறக்க மறுக்கலாம். சிறு செலவில் தீரும் இதற்கும் ஃபார்மட் தேவையில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. விண்டோஸ்தான் வேண்டும் என்று பயாஸ் அடம்பிடிப்பதில்லை. நம் பக்கத்துத் தரமணி டைடல் பூங்காவில் இயங்கும் சி-டாக் மையத்தின் தயாரிப்பு பாஸ் லினக்ஸ், 2007ல் வெளிவந்தது. இது போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, பயாஸில் பூட் வரிசையை மாற்றினால், கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்பும். டிஸ்க் பழுதாகாமலும் ரகசியப் பூட்டு இல்லாமலும் இருந்தால், கணக்குகளை வேறு டிரைவுக்கு நகலெடுத்துவிடலாம்.

வணிகப் பெருமக்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தினமும் முதல் பில் போடுமுன் தேதியைப் பாருங்கள்.
2. திரை எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வையுங்கள்.
3. கணக்கின் நகல் கைக்கு வராமல் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.