படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கண் பரிசோதனையா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. டிவிக்குக் கிட்டே போய் நின்றுதான் பார்க்கிறாள். "எழுத்தே தெரியாத பிள்ளைக்கு என்ன கண் டெஸ்ட்? பள்ளிக்கூடம் போகட்டும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, தீர்த்தமலை

பதில்: வேண்டாம் அம்மா. எழுத்துக்குப் பதிலாக வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் வரைந்த அட்டைகள் இருக்கின்றன. பிள்ளை பெயர் சொல்ல வேண்டாம், கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். கைக்குழந்தைக்குக்கூட கண்ணில் ஒளி பாய்ச்சி பவர் கணக்கிடலாம்.

ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால்தான் சிக்கல். நல்ல கண்ணை வைத்தே பிள்ளை ஓடியாடும். யாருக்கும் சந்தேகம் வராது. மூளையோ மங்கலான கண்ணை மெல்ல ஒதுக்கிவிடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். ஏழு வயதுக்குள் கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பிறகு பலன் குறைவு. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

விளையாட்டாக ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில்தான் கோளாறு இருக்கலாம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அடுத்த வருகை எப்போது என்று கேளுங்கள். தாமதமானால் அரூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாறுகண் இருந்தாலோ, போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.