தோட்டம் பொய்த்தால் முதலிற் கிணற்றைப் பாருங்கள்

ஒரு பரப்பும் இரண்டு பரப்புமாகத் தோட்டஞ் செய்யும் தீவகத்துக் கமக்காரருக்கு ஒரு போகம் பொய்த்தல் சிறு நட்டமன்று. விதை வெங்காயத்துக்குக் கொடுத்த காசும், இறைப்புக்கு எரித்த எண்ணெயும், வீட்டார் அனைவரும் சேர்ந்து பட்ட பாடும் ஒருங்கே போய்விடுகின்றன. அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. மனம் வெறுத்து, அடுத்த ஆண்டு அத்தறையைக் கொத்தாது விட்டுவிடுதலே அது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்தபோது தீவகத்துத் தோட்டங்கள் பல பற்றைக்காடாயின. மீண்டும் வந்து, வேலி அடைத்து, கிணறு துப்புரவாக்கிப் பயிரிட்டவர்கள், பயிர் பொய்த்த காரணத்தால் மறுபடியும் கைவிடுதல் வருந்தத்தக்கது.

விளைச்சல் குறைந்தவிடத்து விதையைக் குறைகூறுவோர் உளர். பசளையைக் குறைகூறுவோரும், நாளையும் கண்ணேற்றையும் குறைகூறுவோரும் உளர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் தோட்டஞ் செய்வோர் இவற்றுக்கெல்லாம் முன்பு தம் இறைகிணற்றைச் சோதித்தல் வேண்டும். இதனை நான் என் பிழையினாலேயே கற்றுக்கொண்டேன்.

நான் பணிக்கு வந்த முதலாண்டில், வேலணைப் பக்கத்தில் முதிய கமக்காரர் ஒருவரின் வெங்காயத் தறையைப் பார்க்கச் சென்றேன். தாள்கள் வெளிறி, நுனி கருகி நின்றன. நான் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இடும்படி கூறினேன்; இறைப்பையும் கூட்டச் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, நீங்கள் சொன்னபடிதான் போட்டனான், விட்டுவிட்டு இறைச்சும் பார்த்தனான். இப்ப பாதித் தாள் கருகிப்போச்சு" என்றார். அவர் கோபப்படவில்லை, அதுவே எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. அதன்பின்னரே கிணற்று நீரை அளந்து பார்த்தேன். விடியற்காலையில் அதன் மின்கடத்துதிறன் 1.3, ஒரு மணி நேரம் இயந்திரத்தால் இறைத்தபின் 2.9. நான் கூட்டச் சொன்ன ஒவ்வோர் இறைப்பும் தறைக்கு உப்பையே கூட்டியிருந்தது.

இலை காட்டும் குறிகள்

உப்பினால் வருந்தும் பயிரில் முதலில் முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் கருகும். புதுக் குருத்து ஓரளவு நன்றாயிருக்கும். பயிர் முழுவதும் குறுகி, இலை சிறுத்து, கடும் பச்சையாகத் தோன்றுவதும் உண்டு. தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த இலை முழுவதும் சீராக வெளிறும். எமது மண்ணிற் சுண்ணாம்பு மிகுதியாதலால் இரும்புச்சத்துக் கிடைக்காமற் போவதுமுண்டு. அப்போது இளங்குருத்தே மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். கத்தரியும் தக்காளியும் ஈரமான மண்ணில் நின்றும் நண்பகலில் வாடினால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வட்டப்புழுவின் வேலை, கிணற்றின் பிழையன்று. தறையின் காற்றுப் பக்கத்து வரிசைகள் மட்டும் கருகினால், சோளகக் காற்று அள்ளிவந்த கடற்றுவாலையே காரணம். அதற்கு வேலியை உயர்த்துதலே பரிகாரம். நெடுந்தீவிற் பாறைக்கற்களை அடுக்கிய மதில்கள் இதற்கும் உதவுகின்றன.

பொற்றாசியச் சத்துக் குறைந்தாலும் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். ஆதலால் இலையை மட்டும் பார்த்து முடிவுசெய்தல் தகாது. நான் செய்த பிழையும் அதுவே.

நல்ல நீர் நிற்கும் விதம்

தீவுகளின் நிலத்தடியில் ஆறில்லை, ஊற்றில்லை. மழைநீர் சுண்ணக்கல்லினூடு இறங்கி, அங்கேயிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங்குறைந்தது என்பதே காரணம். அது தீவின் நடுவில் தடித்தும் கரைகளில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போல அமைந்திருக்கும். ஒல்லாந்து நாட்டு இராணுவப் பொறியியலாளரான படோன் கைபன் 1889 ஆம் ஆண்டளவிலும், வடகடலின் தீவுகளிற் கிணறு தோண்டிய செருமானியரான ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் இதனை விளக்கினர். அவர்கள் கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மணற்றரையில் இக்கணக்கு ஓரளவு பொருந்தும். பொந்தும் வெடிப்புமுள்ள எமது சுண்ணக்கல்லில் இருநீரும் கலந்துவிடுவதால் அவ்வளவு ஆழத்துக்கு நன்னீரை எதிர்பார்த்தல் கூடாது.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். கிணற்றில் நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தி வைத்துக்கொண்டேயிருந்தால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி வரை மேலெழ முயலும். துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்தில் மனிதனுக்கு வந்த களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

கிணற்றை ஆழமாக்க வேண்டாம். இதனை எத்தனை முறை கூறினும் தகும். ஆனி, ஆடி மாதங்களில் நீர் வற்றியவுடன் "இன்னும் இரண்டு முழம் இறக்குவோம்" என்ற எண்ணம் எவருக்கும் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுப்பகுதியில் அது சில வேளை பயன்தரலாம். தீவில் அவ்விரண்டு முழமும் உவருக்குத் திறந்த கதவாகும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு அடுத்த மாரியிலேயே தேறிவிடும் என்று நம்பியிருத்தல் இயலாது. தூர்ந்த பழங்கிணற்றைத் துப்புரவாக்குவோரும் பழைய அடித்தளத்தோடு நிறுத்திக்கொள்க. அதிக நீர் வேண்டுவோர் ஆழத்தை விட்டு அகலத்தை நாடுதல் வேண்டும். ஒரே கிணற்றை வருத்தாமல், சற்றுத் தூரத்தில் ஆழங்குறைந்த மற்றொன்றை அமைத்து மாறி மாறி இறைத்தல் நன்று. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் இறைப்பதை விட, காலையில் முக்கால் மணியும் மாலையில் முக்கால் மணியுமாக இறைத்தல் மேல். இயந்திரத்தின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல், நீரின் மேற்பாகத்தில் மிதவை கட்டி நிறுத்துக.

தறையிற் சேரும் உப்பின் கணக்கு

ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதற்கு ஓர் அங்குல ஆழம் நீர் பாய்ச்சினால் சுமார் 6,400 லீற்றர் செல்லும். ஒரு லீற்றரில் 1 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். அந்நீரைத் தீவகத்திற் பலர் வாயில் வைத்து "நல்ல தண்ணீர்" என்றே கூறுவர். சவர்நீர் பழகிய நாக்குச் சாட்சிக்கு உதவாது. அந்நீரால் ஓர் இறைப்பில் 6.4 கிலோகிராம் உப்பு அப்பரப்பிற் சேரும். ஒரு போகத்தில் 15 முறை இறைத்தால் 96 கிலோகிராம், அதாவது 2 அந்தருக்குச் சற்றே குறைவு. நீரைப் பயிர் குடித்துவிடும், வெயிலும் குடித்துவிடும். உப்பு மண்ணிலேயே தங்கும். எந்தக் கமக்காரரும் தம் தோட்டத்தில் இரண்டு மூடை உப்பைத் தாமாகக் கொட்டமாட்டார்.

இவ்வுப்பைக் கழுவ வல்லது மாரி மழை ஒன்றே. ஆதலால் ஆவணியிலேயே தறையைக் கொத்தி, நாற்புறமும் வரம்பு கட்டி, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு துளியும் வெளியே ஓடாதபடி தேக்குதல் வேண்டும். மழை மண்ணினூடு இறங்கினால் உப்பும் அதனோடு இறங்கும். கிணற்றின் மேல் நன்னீரும் தடிக்கும். வயல் வைத்திருப்போர் இதனைக் கவனிக்க. நெல் வயலின் வரம்பு நெல்லுக்கு மட்டும் கட்டுவதன்று. தோட்டக் கிணற்றுக்கு அருகிலுள்ள வயலில் வரம்பு உடைந்து நீர் களப்புக்கு ஓடினால், அடுத்த பங்குனியில் அக்கிணறே அதற்கு விலை கொடுக்கும். தூர்ந்த கேணிகளையும் குளங்களையும் ஊரார் கூடி வெட்டுவதும் இதே காரணத்தினால் தோட்டக்காரருக்கு உரிய வேலையே.

எதை நடுவது, எப்போது நடுவது

எல்லாப் பயிரும் உப்பை ஒரேயளவாகத் தாங்கமாட்டா. மண்சாற்றின் மின்கடத்துதிறன் 1.2 ஐத் தாண்டியவுடன் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும், அது 4.3 ஐ எட்டும்போது பாதி போய்விடும். அதே 4.3 இல் மிளகாய் ஏறத்தாழ 39 வீதத்தையும், கத்தரி 22 வீதத்தையும், தக்காளி 18 வீதத்தையும் இழக்கும். பீற்றூட் 3 வீதம் மட்டுமே இழக்கும், கௌபி 4.9 வரை இழப்பின்றி நிற்கும். போஞ்சியும் கரட்டும் மிக நொய்தானவை. அவற்றைச் சவர்க் கிணற்றை நம்பி நடாதீர். இவை நல்ல வடிகாலுள்ள நிலத்திற் கண்ட பொது அளவுகளே. வெயிலையும் காற்றையும் பொறுத்துச் சிறிது மாறும். ஆயினும் வெங்காயம் பொய்த்த தறையிற் கத்தரியோ பீற்றூட்டோ பலன் தரலாம் என்பதை இவற்றால் அறிக. பீற்றூட்டும் முளைக்கும் பருவத்தில் உப்பைப் பொறாது. முளைப்பை மழையீரத்திலேயே முடித்துக்கொள்க.

வெங்காயமே வேண்டும் என்போரை நான் தடுக்கவில்லை. சந்தையில் அதற்குள்ள விலையை நானும் அறிவேன். அவர்கள் மார்கழிக் கடைசியில் மழை தணிந்தவுடன் மேட்டுப்பாத்தியில் நட்டு, பங்குனி வெயில் கடுமையாகுமுன் கிண்டிவிடுதல் வேண்டும். சித்திரையில் நடும் வெங்காயம், கிணறு மிகவும் கெட்டிருக்கும் காலத்தில் தலை திரளும்.

கோடையில் நிலத்தின் அளவைக் குறைத்தலே உத்தமம். இரண்டு பரப்பை அரைகுறையாக நனைத்தால் இரண்டிலும் உப்பு மேலேறும். ஒரு பரப்பை நன்றாக நனைத்துப் பயிரிட்டு, மற்றதற்குப் பனையோலை, தென்னோலை, குப்பைக்கூளம் ஆகியவற்றால் மூடாக்கு இட்டு வைக்க. மூடாத வெறுந்தறையில் வெயில் நீரை உறிஞ்ச, உப்பு வெள்ளை பூத்தாற்போல மேலே வரும். வரம்பும் வாய்க்காலுமாகப் பாய்ச்சும் தறையில் உப்பு வரம்பின் உச்சியிலேயே கூடும். நாற்றை உச்சியில் நடாமல் சரிவின் நடுப்பாகத்தில் நடுக. பூசணி, புடலை, பயிற்றை முதலியவற்றுக்குக் குழியிற் குடத்தால் ஊற்றுதலே போதும். இலையின் மேல் சவர்நீரைத் தெளிக்க வேண்டாம்.

பசளையைப் பற்றிச் சிறிதே கூறவேண்டியுள்ளது. மாட்டெருவும், பூவரசு முதலிய குழைகளும், தாழ்த்த பனையோலையும் மண்ணில் நீரைப் பிடித்து வைக்கும். சவர்த் தறைக்கு இவற்றுக்கு இணையில்லை. கரையொதுங்கும் சாதாளையும் நல்ல எருவே. ஆனால் அதனை அள்ளிய கையோடு தறையில் இடாதீர். தோட்டத்துக்கு வெளியே குவித்து, ஒரு மாரி மழையில் நனையவிட்டு, உப்பு நீங்கியபின் பயன்படுத்துக. மியூரியேற்றுப் பொட்டாசு குளோரைட்டையும் உடன்கொண்டு வருவதால் சவர்த் தறையில் அளவோடு இடுக. ஜிப்சம் இடும்படி எவரேனும் கூறினால், மண் பரிசோதனை முடிவு வரும்வரை பணத்தைச் செலவிடாதீர். எமது மண்ணிற் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை.

மேலே கூறிய முதியவர் அடுத்த ஆண்டு முக்காற் பரப்பில் மட்டும் வெங்காயம் நட்டார். மிகுதியிற் கத்தரி வைத்தார். பழைய ஆண்டுகளின் விளைவு அவருக்குக் கிடைக்கவில்லை. நட்ட செலவு மீண்டது. வீட்டுக்குக் கறி இருந்தது. தறையை அவர் கைவிடவில்லை.

கிணற்று நீரைச் சோதிப்பிக்க விரும்புவோர் அரை லீற்றர் அளவுள்ள இரண்டு போத்தல்களை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசுக. ஒன்றை விடியற்காலையில், இறைக்குமுன், நீரின் மேற்பாகத்திலிருந்து நிரப்புக. மற்றதை ஒரு மணி நேரம் இறைத்தபின் குழாய் வாயிலிருந்து நிரப்புக. வாய்வரை நிரப்பி இறுக மூடி, பெயர், காணியின் பெயர், திகதி, நேரம், கிணற்றின் ஆழம், நீர்மட்டம் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒட்டி, அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்க. முதற் சோதனையை மாசியிலும், அடுத்ததை ஆடியிலும் செய்விக்க. இரண்டு அளவுகளையும் ஒரு கொப்பியில் எழுதி, அவ்வாண்டு நட்ட பயிரையும் கிடைத்த விளைவையும் அவற்றின் பக்கத்திற் குறித்து வைக்க.