ஜாமீன் பணம்: நகையைக் கழற்றுவதற்கு முன்

கிள்ளான் நீதிமன்ற வாசலிலும் ஜாலான் டூத்தா வளாகத்தின் நீண்ட தாழ்வாரத்திலும் காலையில் காத்திருக்கும் அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "எவ்வளவுங்க கட்டணும்?" கேட்கும்போதே கை கழுத்துச் சங்கிலிக்குப் போய்விடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொகையைக் கேட்கும் முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த செக்‌ஷன்? யார் பேரில் கட்டுவது? குறைக்கச் சொல்லிக் கேட்டாச்சா?

ஜாமீன் அபராதம் அல்ல. கட்டணமும் அல்ல. பிள்ளை ஒவ்வொரு தேதிக்கும் கோர்ட்டுக்கு வருவான் என்பதற்கு வைக்கும் ஈடு அது. ஒழுங்காக வந்து வழக்கு முடிந்தால், விடுதலையானாலும் தண்டனை பெற்றாலும், பணம் யார் பேரில் கட்டப்பட்டதோ அவருக்கே திரும்பும். அமெரிக்கப் படங்களில் பார்க்கிற ஜாமீன் கம்பெனி இங்கே மலேசியாவில் கிடையாது. அங்கே தொகையில் சுமார் பத்து விழுக்காட்டை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தால் மீதிக்கு அது பொறுப்பேற்கும், கொடுத்த பத்து திரும்பாது. நமது சட்டம் பிறந்த இங்கிலாந்தில், ஜாமீன்தாரருக்கு நஷ்டம் வராமல் ஈடுகட்டுகிறேன் என்று செய்யும் ஒப்பந்தமே செல்லாது என்று 1885லேயே தீர்ப்பாகிவிட்டது. நஷ்டப்பட எதுவும் இல்லாதவர் ஏன் கவனமாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார்? ஆகவே கோர்ட்டு வாசலில் யாராவது வந்து, "அக்கா, ஐந்நூறு வெள்ளி கொடுங்க, நான் ஜாமீன் நிக்கிறேன்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

முதலில் பாலாய், அதாவது போலீஸ் நிலையம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் டிராவர்ஸ் தலைமையகமோ, கிள்ளானில் வடக்கோ தெற்கோ, எங்கே பிடித்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. விசாரிக்கும் முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. ரிமாண்ட் கேட்டால், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதலில் அதிகபட்சம் நான்கு நாள், பிறகு மூன்று நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு ஏழும் ஏழும். இந்த இடைவெளியில் போலீஸ் ஜாமீன் என்ற வழி இருக்கிறது. குடும்பங்கள் அதைக் கேட்பதே இல்லை. இன்னும் குற்றம் சாட்டப்படவில்லை, விசாரணைக்கு அழைத்தால் வருவான் என்று ஒருவர் ஐசியைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் போதும். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் ஜாமீன் இல்லை.

போலீஸ் ஜாமீன் கிடைத்தால் மறு யோசனை வேண்டாம், அதையே எடுங்கள். லாக்காப்பில் கழியும் ஒவ்வொரு இரவும் எப்படிப்பட்டது என்பதை 2009இல் குகன் போலீஸ் காவலில் இறந்ததிலிருந்து நம் வீடுகள் அறிந்தே இருக்கின்றன.

குற்றம் சாட்டப்பட்ட பிறகு எல்லாம் செக்‌ஷன் நம்பரைப் பொறுத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் நேரே ஜாமீன் தரவேண்டியதா இல்லையா என்று போட்டிருக்கும். தண்டனைச் சட்டத்தின் 323, அதாவது ஆயுதம் இல்லாமல் அடித்துக் காயப்படுத்தியது, ஜாமீனுக்குரியது. அங்கே ஜாமீன் உரிமை, யாரும் கருணை காட்டவில்லை. 379 திருட்டு போன்றவற்றில் நீதிபதி மனம் வைத்தால் தரலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உள்ள குற்றமென்றால் பொதுவாக இல்லை. ஆனால் நடைமுறைச் சட்டத்தின் 388ஆவது பிரிவு 16 வயதுக்குக் குறைந்தவர், பெண், நோயாளி ஆகியோருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மகனுக்கு நீரிழிவு, டயாலிசிஸ், மனநலச் சிகிச்சை என்று ஏதும் இருந்தால் மருத்துவமனைக் கார்டை அன்றே எடுத்துப் போங்கள்.

போதைப்பொருள் வழக்கில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு, ஐந்து ஆண்டுக்கு மேல் சிறை அல்லது மரண தண்டனை உள்ள குற்றங்களுக்கு ஜாமீனையே தடுக்கிறது. 15(1)(ஏ), உட்கொண்ட குற்றம் என்றால் கிடைக்கும். 39பி, கடத்தல் என்றால் கிடைக்காது. "லாயருக்குச் சொல்லி எடுத்துடலாம்" என்று யார் பணம் கேட்டாலும் நம்பாதீர்கள். செக்‌ஷன் தெரியும் முன் திரட்டும் பணத்துக்கு வேலையே இல்லாமல் போகலாம்.

பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் இன்னும் கடுமை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர், நோயாளிகள் தவிர வேறு யாருக்கும் ஜாமீன் இல்லை என்றது. விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று 2019 அக்டோபரில் பிடிபட்ட 12 பேரில் காடெக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா குணசேகரனும் இருந்தார்கள். அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2019 நவம்பர் 29இல் சொன்னது. என்றாலும் வழக்கு முடிவுக்கு வந்தது 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அதைக் கைவிட்டபோதுதான். சட்டமன்ற உறுப்பினருக்கே அந்த நிலை. கும்பல் குற்றம் என்று இதே சட்டத்தில் பையனைப் பிடித்திருந்தால் ஜாமீன் பணம் தேடி அலையாதீர்கள், நல்ல வழக்கறிஞரைத் தேடுங்கள்.

இனி தொகை. கடன் வாங்குவதற்கு முன் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஜாமீன் அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மஜிஸ்திரேட் வைத்த தொகையை உயர்நீதிமன்ற நீதிபதி குறைக்கலாம். ஆனால் குடும்பத்தின் நிலையை யாராவது எடுத்துச் சொன்னால்தான் நீதிபதிக்குத் தெரியும். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், முன் குற்றம் ஏதும் இல்லை என்ற விவரம், இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிபிபி கேட்ட தொகைக்குப் பதில் சொல்ல உங்கள் பக்கம் ஒருவர் வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்கு, கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவசமாக உதவுகிறது. ஒய்பிஜிகே என்று கேட்டால் கோர்ட்டிலேயே காட்டுவார்கள்.

தவணையும் கேட்கலாம். முன்னாள் பிரதமர் நஜிப்மீது 2018 ஜூலை 4இல் ஜாலான் டூத்தாவில் குற்றம் சாட்டியபோது ஒரு மில்லியன் வெள்ளி ஜாமீன் வைத்தார்கள். பாதியை அன்றும் மீதியைச் சில நாள் கழித்தும் கட்ட நீதிமன்றம் அனுமதித்தது. அவருக்குக் கிடைத்த அவகாசத்தை லாரி ஓட்டுநரின் குடும்பமும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுத் தொகைக்குப் பதில் ஒரு பகுதியை மட்டும் டெபாசிட் கட்டுகிறோம், கடவுச்சீட்டை ஒப்படைக்கிறோம், மாதம் ஒருமுறை பாலாயில் கையெழுத்திடுகிறோம் என்று நிபந்தனைகளை முன்வைப்பதும் தொகையைக் குறைக்கும்.

குறைத்த பிறகும் கையில் இல்லையென்றால் எங்கே வாங்குவது? சொந்தபந்தம்தான் முதலிடம், வட்டி இல்லாததால் மட்டுமல்ல, அவர்களுக்கும் பையன் கோர்ட்டுக்குப் போகிறானா என்ற கவலை இருக்கும். அடுத்து நகை. அடகுக்கடை வட்டி மாதம் இரண்டு விழுக்காடு. 5,000 வெள்ளிக்கு மாதம் 100 வெள்ளி. வழக்கு ஒன்றரை ஆண்டு இழுத்தால் 1,800 வெள்ளி வட்டியே போய்விடும், அது திரும்பாது. இந்தக் கணக்கைச் செய்து பார்த்தால்தான் தொகையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவது ஏன் முக்கியம் என்று புரியும். உரிமம் பெற்ற கடன் நிறுவனம், ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். பிள்ளை ஒரு நாள் முன்னால் வருவான், பிறகு வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம்.

ஜாமீன் நிற்பவர் யார் என்பது பணத்தைவிடப் பெரிய முடிவு. மலேசியக் குடிமகனாக, 21 வயதானவராக, திவாலாகாதவராகப் பார்ப்பார்கள். பணம் அவர் பேரில் வங்கியில் கோர்ட்டின் பிடியில் கிடக்கும், இப்போது இ-ஜாமின் வழியாகவும் கட்டுகிறார்கள். கடைசியில் திரும்புவதும் அவர் கணக்குக்கே. அம்மா நகையை அடகு வைத்து, மாமா பேரில் கட்டி, வழக்கு முடிந்தபின் இருவரும் பேசாமல் போன வீட்டை எனக்குத் தெரியும். யார் பணம், யார் பேர் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், சொந்தமானாலும். பையன் வராமல் போனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 404ஆவது பிரிவின்படி ஜாமீன்தாரரைக் காரணம் கேட்பார்கள், பணம் பறிபோகும். அதனால் அவனோடு பாரில் உட்காரும் நண்பன் வேண்டாம். விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி எழுப்பக்கூடிய அக்காவோ அத்தையோ நிற்கட்டும்.

இன்னொரு வழியைச் சிலர் காதில் ஓதுவார்கள்: "ஒத்துக்கிட்டா இன்னைக்கே அபராதம் கட்டி வீட்டுக்குப் போயிடலாம்." ஜாமீன் பணம் இல்லாத வீட்டில் இது இனிப்பாகக் கேட்கும். ஆனால் அபராதம் என்று யாரும் உறுதி தர முடியாது, 379க்கு ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. குற்றப் பதிவு வேலைக்கும் லைசென்ஸுக்கும் பின்னாலேயே வரும். செய்யாத தப்பை ஜாமீன் கட்ட முடியாததால் ஒத்துக்கொள்வதைவிடச் சில வாரம் சுங்கை பூலோவிலோ காஜாங்கிலோ இருந்துகொண்டு உயர்நீதிமன்றத்தில் தொகையைக் குறைக்க மனுப்போடுவது மேல். எழுதும்போது கை கனக்கிறது, ஆனாலும் அதுதான் என் கருத்து.

நேரம் ஒரு எதிரி. கவுண்டர் மூடினால் அன்றிரவு உள்ளேதான், வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் வரை. ஜாமீன் நிற்பவர் ஐசியோடு காலையிலேயே வந்துவிடட்டும், பணத்தோடு வருபவர் வழியில் இருந்தாலும் பரவாயில்லை. கட்டியதும் ரசீதைப் படம் எடுத்து மூன்று பேரின் போனில் வையுங்கள். ரசீதைவிட முக்கியமான இன்னொன்று அதே தாள்களில் இருக்கும், அடுத்த தேதி. அதைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு, அக்காவின் வீட்டுச் சுவரிலும் ஒன்று மாட்டுங்கள்.