தொட்டில் ஒரு பக்கம்... நாவல் ஒரு பக்கம்!

"டாக்டரம்மா, இவளுக்கு ஏதாவது சூரணம் கொடுத்து ராத்திரி தூங்க வையுங்க. விடிய விடிய போனை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா!"

மாமியார் இப்படிச் சொன்னதும் பக்கத்தில் இருந்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். வயது 28. மடியில் ஒன்றரை வயசுப் பையன். கண்ணுக்குக் கீழே கருவளையம், வெளுத்த உதடு.

பெண்களுக்கு இடக்கையில் நாடி பார்ப்பது எங்கள் வழக்கம். மணிக்கட்டில் விரலை வைத்ததுமே 'ஸ்ஸ்...' என்று கையை இழுத்துக்கொண்டாள். கட்டை விரலின் அடிப்பக்கம் லேசாக வீங்கியிருந்தது. "எத்தனை நாளா வலிக்குது?" என்றேன். "மூணு மாசமா" என்றாள்.

மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் கதை எழுதறேன் மேடம். காதல் கதை. ஒரு நாவலை நானே மின்னூலா போட்டேன். நிறையப் பேர் படிச்சாங்க. இப்ப ரெண்டாவது எழுதறேன். பையன் தூங்கினப்புறம் பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டரை, மூணு ஆயிடும். அத்தைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோன்னு சொல்லலை."

இவளைப் போல இப்போது நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நாவல் வெளிவர வேண்டுமானால் பத்திரிகை ஆபீஸுக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பிவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 2014-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளும், 2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழுக்குக் கதவு திறந்ததும் அந்த நிலைமையை மாற்றிவிட்டன. வீட்டில் இருந்தபடியே எழுதலாம், தானே வெளியிடலாம், நாலு காசும் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எழுத்துக்கான நேரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வியாதி ஆரம்பிக்கிறது!

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று சொல்வோம். பசி, தாகம், தும்மல், கொட்டாவி போல உடம்பு தானாகக் கேட்கும் விஷயங்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாடத்தில் அரிச்சுவடி. தூக்கமும் அந்த 14-ல் ஒன்று. தொடர்ந்து ராத்திரி கண் விழித்தால் வாதமும் பித்தமும் கெடும் என்பார்கள். தலைபாரம், கண் எரிச்சல், மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

இன்றைய மருத்துவமும் பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. மூன்று மணிக்குப் படுத்து, ஆறரைக்கு எழுந்து, நடுவில் பால் கொடுக்கவும் ஒரு தடவை விழித்தால் என்ன மிச்சம்? மூன்று மணி நேரம்! இதைச் சரிக்கட்ட மருந்து கிடையாது. "அமுக்கரா சூரணம் சாப்பிடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாங்களாக எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. அதைவிட முக்கியம், தூங்கவே நேரம் ஒதுக்காதவருக்குத் தூக்க மருந்து எதற்கு?

சாயங்காலத்துக்குப் பிறகு காபியும் வேண்டாம். அதன் வேகம் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போலாகும். தாய்ப்பால் வழியாகக் கொஞ்சம் குழந்தைக்கும் போகும். அம்மாவும் விழிப்பாள், பிள்ளையும் விழிக்கும்.

300 வார்த்தைக் கணக்கு

"அப்ப எழுதவே கூடாதா மேடம்?" என்று கண் கலங்கிவிட்டாள் அந்தப் பெண். எழுதலாம் அம்மா, தாராளமாக எழுதலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 300 வார்த்தை. வாரத்துக்கு ஆறு நாள். ஆக 1,800 வார்த்தை. 17 வாரத்தில் 30,000 வார்த்தையைத் தாண்டிவிடும். கைக்கு அடக்கமான ஒரு குடும்ப நாவல் ரெடி! பிறகு ஒரு மாதம் அதைத் தொடாமல் வையுங்கள். அடுத்த மாதம் படித்துத் திருத்துங்கள். இப்படிப் போனாலே வருஷத்துக்கு இரண்டு நாவல். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது சாதாரண சாதனையா?

300 வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அது பகல் வெளிச்சத்தில், எல்லோருக்கும் தெரிந்த முக்கால் மணி நேரமாக இருக்க வேண்டும். ஒளித்து எழுதினால் ராத்திரியில்தான் எழுத முடியும். சொல்லிவிட்டு எழுதினால் பகலிலேயே எழுதலாம். நான் கொடுத்த முதல் மருந்து இதுதான்: "வீட்ல சொல்லுங்க."

என் கதையையும் சொன்னேன். நான் சித்த மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தினமும் மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை என் மாமியார் அவளைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். அந்த நேரத்தை நான் வாய்விட்டுக் கேட்டிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

குழந்தையின் பங்கு

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். மத்தியானம் பிள்ளை தூங்கும் நேரம் எழுத்துக்குத் தோதானது. ஆனால் பிறந்து முதல் சில மாதங்கள் அந்த நேரத்தையும் எழுத்துக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். பகல் தூக்கம் ஆகாது என்பது நோயணுகா விதி. ராத்திரி முழுக்கப் பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் அதில் விலக்கு கொடுக்கத்தான் வேண்டும்!

சிலர் எழுதுவதற்காகக் குழந்தை கையில் இன்னொரு போனைக் கொடுத்துவிடுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். இரண்டு வயது வரை திரையே காட்டாமல் இருப்பது நல்லது. அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்குப் பேச்சு வருவது நம் வாயைப் பார்த்துத்தான், போனைப் பார்த்து அல்ல.

இன்னொன்று. கதையில் மூழ்கிவிட்டால் நமக்குக் காது கேட்காது. தவழும் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. பிள்ளை விழித்திருக்கும்போது எழுதுவதானால், "நான் பார்த்துக்கறேன்" என்று வாயால் சொன்ன ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும்.

கையும் கண்ணும்

குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி, கட்டை விரலின் தசைநாண் உறை வீங்கிவிடும். இளம் தாய்மார்களுக்கு அடிக்கடி வருகிற வலி இது. அதே விரலால் போனில் மணிக்கணக்கில் டைப் அடித்தால் கேட்கவே வேண்டாம்!

கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுள்ளென்று வலித்தால் இந்தக் கோளாறாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தையைத் தூக்கும்போது ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையை முதுகிலும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். விரலை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் பட்டை சில வாரம் போட்டால் நல்ல குணம் தெரியும். இளஞ்சூடான நல்லெண்ணெய் அல்லது உளுந்துத் தைலம் தடவி ஒத்தடம் கொடுப்பது இதம். அழுத்தி நீவக்கூடாது.

விரலுக்கு ஓய்வு கொடுக்க இன்னொரு வழி, வாயால் சொல்லி எழுதுவது. இப்போது போனில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. இது ஒன்றும் புதுசு இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை உருவாக்கியபோது அவருக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிறகு அந்த அம்மாள் 115 நாவல்கள் எழுதி, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் தாமே நடத்தினார். சொந்தமாக வெளியிட்ட பெண் எழுத்தாளருக்கு இவரை விட நல்ல முன்னோடி உண்டா?

கண்ணுக்கு: 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். பாயில் படுத்துக்கொண்டு, இருட்டில் டைப் அடிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

வெளுத்த உதடு எதற்கு அடையாளம்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. எழுத உட்கார்ந்ததும் மூளை ஓடவில்லை, வார்த்தை வரவில்லை என்றால் கற்பனை வறண்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்! முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சம்பழம் அடிக்கடி இருக்கட்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே காபி, டீ வேண்டாம். ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

மனசுக்கு வடிகால்

14 வேகங்களில் கண்ணீரும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அழுகையை அடக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். நாள் முழுக்கப் பால், கஞ்சி, துணி என்று ஓடுகிற பெண்ணுக்கு, தன் கதாநாயகியோடு சேர்ந்து அழவும் சிரிக்கவும் ஒரு முக்கால் மணி நேரம் கிடைப்பது நல்ல வடிகால். காதல் கதைதானே என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அது எழுத்தால் தீருகிற சங்கதி அல்ல. உடனே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசாங்கத்தின் டெலி மானஸ் எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

காசு விஷயத்தில் நிதானம்

அந்தப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை இவை. இதுவும் ரத்தக் கொதிப்பு சம்பந்தப்பட்டதுதானே!

கிண்டிலில் தாமே மின்னூல் போடக் கட்டணம் இல்லை. 'அன்லிமிடெட்' திட்டத்தில் சேர்த்தால் வாசகர் படித்த பக்கத்துக்குத் தகுந்தபடி பணம் வரும். ஆனால் அந்த 90 நாளும் அதே கதை மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக்கூடாது. நாம் நிறுத்தாவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். மாதக் கணக்கு முடிந்து பணம் கைக்கு வர இரண்டு மாதம் போல ஆகும். அதை நம்பி வீட்டுக் கடன் தவணையைப் போட்டுவிடாதீர்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எண் நம் நாட்டில் இலவசம். "பணம் கட்டுங்க, பிரபலமாக்கறோம்" என்று வருபவர்களுக்குப் பதில் சொல்லும் முன் பத்துப் பேரை விசாரியுங்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்ப்பது காலையில் ஒரு தடவை போதும். படுக்கப் போகும்போது பார்த்தால் வந்த தூக்கமும் போய்விடும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்றைக்கே மாமியாரை உள்ளே கூப்பிட்டு, அந்தப் பெண்ணே தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கதையா எழுதறே? நான் என்னென்னவோ நினைச்சு பயந்துட்டேன்டி!" என்றார். வாடகை நூல்நிலையத்தில் மாத நாவல் எடுத்துப் படித்தே வளர்ந்தவராம் அவர்!

ஆனால் தினமும் பேரனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, "எனக்கு முழங்கால் வலி, அவன் பின்னாடி ஓட முடியாது" என்றார். அதுவும் நியாயம்தானே? கடைசியில் வாரத்தில் மூன்று நாள் பாட்டி, மூன்று நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் அப்பா என்று முடிவாயிற்று. ஞாயிறு லீவு. ராத்திரி பத்தரைக்குப் போன் ஹாலில்தான் தூங்க வேண்டும்.

நாலு மாதம் கழித்து வந்தாள். மணிக்கட்டு வலி பெரும்பாலும் போயிருந்தது. ஆறரை, ஏழு மணி நேரம் தூங்குகிறாள். "நாவல் முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்லை மேடம். பையனுக்கு ரெண்டு தடவை காய்ச்சல், நடுவுல ஊர்த் திருவிழா. 19,000 வார்த்தைதான் ஆகியிருக்கு. அத்தைதான் முதல்ல படிக்கறாங்க. 'கதாநாயகன் இவ்வளவு கோபக்காரனா இருக்க வேண்டாம்'னு சண்டை போடறாங்க!"

பக்கத்தில் இருந்த மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

நாவல் இரண்டு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தாயின் உடம்பு தேறிவிட்டதே, அது போதாதா? உங்கள் வீட்டு மகளோ மருமகளோ ராத்திரியில் ரகசியமாக விழித்திருந்தால், அதட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவள் ஒருவேளை முக்கால் மணி நேரத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கலாம்!