விலைக்கு வைக்கும் வீடும் விற்போன் கடமையும்

வீட்டை விற்கக் கருதுவோர் அதனைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, வாங்க வருவோர் கண்ணுக்கு இனியதாகக் காட்டுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. அமெரிக்க நாட்டிலோ இஃது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழிலோர் மிகுதியான தட்டுமுட்டுக்களை அகற்றுவர். குடும்பத்தார் படங்களைச் சுவரினின்றும் இறக்குவர். வெளிறிய வண்ணம் பூசுவர். ஒழிந்து கிடக்கும் வீடாயின் நாற்காலி மேசைகளை வாடகைக்குக் கொணர்ந்து இடுவர். வருவோன் பிறனொருவன் இல்லத்தைக் காணாது, தான் குடிபுகப்போகும் இல்லத்தைக் காணல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. இதிற் குற்றம் யாதுமில்லை. ஆயினும், அணிசெய்தல் எவ்விடத்து வஞ்சனையாக மாறுகின்றது என்னும் வினா மிகப் பழையது.

உரோமப் பேரறிஞர் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்கென எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில், இவ்வினாவை விளக்க ஒரு கதை கூறுகின்றார். கேனியஸ் என்னும் உரோமச் செல்வர் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகருக்குச் சென்று, நண்பரோடு பொழுது போக்கத்தக்க ஒரு தோட்டவீடு வேண்டுமெனப் பலரிடமும் கூறிவந்தார். இதனை அறிந்த பித்தியஸ் என்னும் வட்டிக்கடைக்காரன், தன் தோட்டத்திற்கு மறுநாள் விருந்துண்ண வருமாறு அவரை அழைத்தான். உடனே செம்படவரைக் கூட்டி, மறுநாள் தன் தோட்டத்தின் முன்னரே மீன்பிடிக்க வேண்டுமென ஏற்பாடு செய்தான். கேனியஸ் வந்தபோது கடலெங்கும் படகுகள்! செம்படவர் ஒவ்வொருவரும் தாம் பிடித்த மீனைக் கொணர்ந்து பித்தியஸின் காலடியிற் கொட்டினர். நகருக்கு வேண்டும் மீன் அனைத்தும் இவ்விடத்தே கிடைப்பதென்றும், இவ்வீடின்றிச் செம்படவர்க்குப் பிழைப்பில்லை என்றும் அவன் உரைத்தான். கேனியஸ் ஆசை மிகுந்து, கேட்ட விலையையே கொடுத்து வாங்கினார். மறுநாள் தம் நண்பரை அழைத்துத் தாம் முன்னரே வந்து பார்க்க, ஒரு துடுப்பும் காணோம். இன்று செம்படவர்க்கு விடுமுறையோ என்று அண்டை வீட்டாரை வினவினார். இங்கு எவரும் மீன்பிடிப்பதில்லை என்றும், நேற்று நிகழ்ந்தது கண்டு தாமே வியந்ததாகவும் அவர் விடை பகர்ந்தார்.

பித்தியஸ் வீட்டின்மேல் ஒரு தூரிகையும் வைத்தானல்லன், கடலையே அணிசெய்தான். அக்காலத்துச் சட்டத்தில் கேனியஸுக்குப் பரிகாரம் இருந்ததில்லை. சிசரோவின் நண்பரான அக்குவிலியஸ் பின்னர் வகுத்த வழக்குமுறையே, ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் செய்தல் வஞ்சனை எனக் கொண்டது.

பொய் கூறாது வாளா இருத்தலோ? அந்நூலே இதற்கும் ஒரு வழக்கைக் காட்டுகின்றது. கிளாடியஸ் என்பானது வீடு உயர்ந்து நின்று நிமித்தம் பார்ப்பதற்குத் தடையாயிற்று. ஆதலின் அதன் மேற்பகுதியை இடிக்குமாறு நிமித்தக் குருமார் அவனுக்குக் கட்டளையிட்டனர். அவன் அதனை வெளியிடாது வீட்டைக் கல்ப்பூர்னியஸுக்கு விற்றுவிட்டான். வாங்கியவன் மேல் அதே கட்டளை வந்தது. இடித்த பின்னரே அவன் உண்மையை அறிந்து வழக்கிட்டான். நடுவராயிருந்த கேட்டோ, விற்றவன் அறிந்தும் கூறாமையின் நட்டத்தை அவனே ஈடுசெய்யவேண்டும் எனத் தீர்த்தார்.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு ஏறக்குறைய இந்நெறியையே கூறுகின்றது. வேறுவகை உடன்படிக்கை இல்லாவிடின், சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியக் குறைபாட்டை விற்போன் அறிந்து, வாங்குவோன் அறியாது, சாதாரணக் கவனத்தால் அவன் கண்டுகொள்ளவும் இயலாததாயின், விற்போன் அதனைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவியாமை மோசடியாகும் என்றும் அப்பிரிவே கூறுகின்றது. (வாங்குவோனும் முற்றிலும் தப்பினானல்லன். விற்போனது உரிமையின் மதிப்பை மிகுவிக்கும் செய்தியைத் தான் மட்டும் அறிந்திருப்பின், அவனும் அதனை மறைத்தலாகாது.)

இவ்விதியை நம் பழைய வீடுகளிற் பொருத்திப் பார்ப்போம். உடைந்த ஓட்டையும் கீல் கழன்ற கதவையும் வருவோன் தானே காண்பான், எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உத்திரத்தின் உட்புறத்தே கறையான் அரித்திருப்பதைக் காணான். அதனை உரைத்தே ஆகவேண்டும். இடைப்பட்டது ஓதம் ஏறிய சுவர். செங்கல் நிலத்து நீரை உறிஞ்சி மேலேற்ற, நீர் ஆவியானபின் அதிற் கரைந்திருந்த உவர் சுவரின்மேற் பூத்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காய் உதிர்க்கின்றது. சுண்ணாம்படித்தல் இதற்கு மருந்தன்று. சில திங்களில் அவ்வுவர் மீண்டும் தலைகாட்டும். எனினும், கோடையில் வெள்ளையடித்துக் கோடையிலேயே விற்போன் பலன் பெற்றுவிடுவான்.

இங்கே ஒரு நுட்பம் உளது. கறையோடு விடப்பட்ட சுவர் தன் குறையைத் தானே கூறிநின்றது. அதுவரை விற்போனுக்கு வாய்திறக்கும் கடமை இல்லை. மேலே பூசிய அன்றே அக்குறை கண்ணுக்குப் புலனாகாததாயிற்று. பேசவேண்டிய கடமையும் அன்றே பிறந்தது. ஆதலின் வெள்ளையடித்தல் தவறன்று. வெள்ளையடித்துவிட்டுப் பேசாதிருத்தலே தவறு என்பது என் துணிபு. ஓதத்தின் காரணத்தைக் களைந்து பூசியவனுக்கோ, செய்த வேலையைச் சொல்லுதலே விலையை உயர்த்தும்.

வெள்ளையினும் இன்றியமையாத ஆயத்தம் பத்திரங்களைச் சேர்த்தலாம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி செலுத்திய இரசீதுகள் ஆகியன ஒரே கட்டாய்க் கையிலிருத்தல் வேண்டும். பங்காளிகளுள் எவரேனும் கையெழுத்திடாதிருப்பின், அதனை எந்தச் சுண்ணாம்பும் மறைக்கவியலாது. வாங்க வருவோர்க்குக் கூறத்தக்கதும் ஒன்றுண்டு: ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று சுவரடியைத் தொட்டுப் பார்க்க, அண்டை வீட்டாரை, கேனியஸ் வினவியது போலன்றி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே வினவுக.