பினாங்கில் வேலை, சுங்கைப் பட்டாணியில் வீடு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பினாங்குத் தீவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குச் சொல்லும் விலையில், சுங்கைப் பட்டாணியில் முன்வாசலோடு தரைவீடே வாங்கிவிடலாம். அதனால்தான் பாயான் லெப்பாசிலும் பிறையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய், கூலிம் என்று கெடாப் பக்கம் குடிபோகிறார்கள். பலருக்கு அது பாட்டன் பாட்டி வாழ்ந்த மண். அன்று ரப்பர் நின்ற இடங்களில் இன்று தாமான்கள் நிற்கின்றன.

அந்தப் பாட்டன்மார் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள். நானூறு, ஐந்நூறு மரங்களைச் சுற்றி வெட்டி, பிறகு பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சேர்த்தவர்கள். அவர்கள் சாப்பிட்ட அளவு சோறு இன்றும் நம் தட்டில் விழுகிறது. வேலைக்காட்டு நடை மட்டும் போய்விட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. இந்த நிலையில் தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் காரில் உட்காரும் வாழ்க்கைக்கு மாறுகிறோம். வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடும்போதே உடம்புக்கும் கணக்குப் போட்டாக வேண்டும். குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் பெரும்பாலும் நடப்பதில்லை.

செய்ய வேண்டியவை

வீடு பார்க்கப் போகும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் போங்கள். மளிகைக் கடை, கோயில், தமிழ்ப்பள்ளி, பேருந்து நிறுத்தம் இவற்றில் எதற்காவது நடந்தே போய்வர முடிகிறதா? சாலையோரத்தில் நடக்க இடம் இருக்கிறதா, இல்லை கால்வாயும் காரும்தானா? விளக்கு எரிகிறதா? நாய்கள் கூட்டமாகத் திரிகின்றனவா? பட்டணத்தைவிட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் புதிய தாமானில் வீடு மலிவாகவும் பெரிதாகவும் கிடைக்கும். ஆனால் ஒரு பாக்கெட் பால் வாங்கவும் சாவியை எடுக்க வேண்டும். அறை ஒன்று குறைந்தாலும் நடந்துபோக வழியுள்ள வீடே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ரயில் ஒத்துவரும் வேலையென்றால் ரயிலில் போங்கள். பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை வந்தபின், 2015 முதல் இப்பக்கம் கொமுட்டர் ஓடுகிறது. சுங்கைப் பட்டாணியில் ஏறினால் தாசேக் குளுகோர், புக்கிட் மெர்தாஜாம் வழியாக பட்டர்வொர்த். அங்கிருந்து பெர்ரி, தீவில் இறங்கி லெபோ பந்தாய் அலுவலகங்களுக்கோ லிட்டில் இந்தியாவுக்கோ நடந்தே போகலாம். படி ஏறி, மேம்பாலம் கடந்து, படகுத்துறையிலிருந்து நடந்து என்று போக வர நல்ல நடை தானாகச் சேர்ந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்கட்டும்.

உடற்பயிற்சியை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஐந்தரைக்கு வேலை விட்டதும் பினாங்குப் பாலத்தை நோக்கிப் பாய்ந்தால் நெரிசலில் நின்று, களைத்து, இருட்டும் நேரத்தில் வாசலில் இறங்குவீர்கள். அதன்பின் குளியல், சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம். மறுபடி காலணி மாட்டிக்கொண்டு வெளியே போகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு ஜோடி காலணி, துண்டு, மாற்றுச்சட்டை, தண்ணீர் போத்தல் ஆகியவற்றைக் காரின் பின்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தீவில் வேலையென்றால் தண்ணீர்மலைக் கோயில் படிகளும் தாவரவியல் பூங்காவும் இருக்கின்றன. பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமென்றால் செரோக் தொக்குன் காட்டுப் பாதை இருக்கிறது. முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுக் காரை எடுத்தால் நெரிசலும் ஓரளவு தணிந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்தாலே, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

விடியற்காலை நடையை நம்பித் திட்டம் போடுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். அதனால் கெடாவில் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் சூரியன் உதிக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது நள்ளிரவு போன்ற இருட்டு. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பது போதும்.

விடுமுறைக் கணக்கையும் முதலிலேயே பேசிவிடுங்கள். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். பிள்ளை கெடாப் பள்ளியில் படித்தால் குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதைப் பேரங்காடியில் செலவழிக்காமல் ஜூப்ளி பேராக் பூங்காவுக்கோ, மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கோ போங்கள். அருங்காட்சியகத்தில் ஓடையோரமாக மேலேறிப் போனால் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கடாரக் கதையும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நன்மை உண்டு. அன்று உங்களுக்கு விடுமுறை, கெடாவின் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்கோ வேலை நாள். லீவு எடுக்காமலே காலையில் போய் ஒரு வெள்ளி கட்டி இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடலாம். நூறு மைல் தள்ளிப் போனதுபோல் பழைய கிளினிக்கில் அட்டையை விட்டுவிட்டு, புதிய ஊரில் பதியாமலே இரண்டு, மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள் நிறைய. மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இடுப்பையும் அளந்து வையுங்கள்: ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80. நம் இனத்துக்கு வகுத்த எல்லை அது.

செய்யக்கூடாதவை

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மாமாக் கடையில் உட்காராதீர்கள். ஒன்பது மணிக்கு இரண்டு ரொட்டி சானாய், கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக், அதன்பின் வீட்டில் சோறு என்று போனால் எந்த நடையும் ஈடுகட்டாது. மாலை ஐந்து மணிக்கே கொஞ்சம் கச்சான், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பசி வராது. கடையில் உட்கார வேண்டியிருந்தால் ‘தே ஓ கொசோங்’ என்று கேளுங்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை.

தாமானை ஒட்டிய செம்பனைத் தோட்டத்துக்குள் தனியாக ஓடப் போகாதீர்கள். செம்மண் பாதையும் நிழலும் கூப்பிடத்தான் செய்யும். ஆனால் அது தனியார் நிலம். குலை ஏற்றிய லாரி வளைவில் திடீரென்று வரும். எலி இருக்கிற காட்டில் பாம்பும் இருக்கும். வெட்டிப்போட்ட மட்டை முள் காலணியைத் துளைத்துவிடும். தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் உறவினர் இருந்தால் அவர்களைக் கேட்டு, பகல் வெளிச்சத்தில், இருவர் மூவராகப் போங்கள்.

ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் ஜெராய் மலையில் ஏறாதீர்கள். 1,217 மீட்டர் உயரம் அது. முதலில் சமதரை, பிறகு படி, அதன்பின் மலை. மேலே கருமேகம் கட்டியிருந்தால் கீழே வெயில் அடித்தாலும் அருவியில் இறங்கவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் ஜெராயிலிருந்து இறங்கிய திடீர் வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது.

தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சிக்கு நேரம் தேடாதீர்கள். ஐந்து மணிக்கு எழுகிறவர் பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும். அரைத் தூக்கத்தில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைவிடப் பெரிய ஆபத்து இந்த வாழ்க்கையில் இல்லை.

வீட்டுப் பெண்களின் நேரத்தை விழுங்கி ஆண்கள் மட்டும் ஓடப் போகாதீர்கள். கணவனும் மனைவியும் ஒன்றாகப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வரும் வீடுகளில், திரும்பியதும் அவர் திடலுக்கும் அவள் அடுப்படிக்கும் போவதைப் பார்க்கிறேன். திங்கள், புதன் உங்களுக்கென்றால் செவ்வாய், வியாழன் அவளுக்கு. அந்த இரண்டு நாளும் சமையலும் பிள்ளையும் உங்கள் பொறுப்பு. தெருவில் இன்னும் இரண்டு அக்காமார் சேர்ந்துகொண்டால், இரவு எட்டு மணிக்கு விளக்கடியில் தாமானை நான்கு சுற்று சுற்றவும் பயமிருக்காது. குடிபோன முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் கேட்டுவையுங்கள்.