கொசு எவ்வாறு பறக்கின்றது?

பால்மரக் காட்டில் குனிந்து மரம் வெட்டுகையில் காதருகே கொசுவின் ரீங்காரம் கேட்கின்றது. கையை வீசுகின்றோம், அது தப்பிவிடுகின்றது. அவ்வோசை அதன் வாயிலிருந்து எழுவதன்று, சிறகடிப்பிலிருந்தே பிறப்பது. தேனீ நொடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கும். கியூலெக்ஸ் என்னும் வீட்டுக்கொசுவோ 700 முறைக்கு மேலும் அடிப்பதுண்டு.

ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியே ஆணை அனுப்ப நரம்பினால் இயலாது. ஆகவே கொசுவின் உடலமைப்பில் ஒரு விந்தையைக் காண்கிறோம். பறப்பதற்கான பெருந்தசைகள் சிறகில் பொருந்தியிருக்கவில்லை. மார்புக்கூட்டின் சுவரில் பொருந்தியுள்ளன. மேல்கீழாக அமைந்த தசை சுருங்கினால் கூட்டின் கூரை தாழும், சிறகு உயரும். அப்பொழுது நீளவாட்டிலுள்ள தசை இழுபடும். இழுபட்ட தசை தானாகவே சுருங்கும். கூரை எழும்பும், சிறகு தாழும். முதல் தசை மீண்டும் இழுபடும். ஊஞ்சலை இடையிடையே தள்ளிவிடுவதுபோல நரம்பு எப்போதோ ஒருமுறை தூண்டினால் போதும். திசை திருப்பும் பணியைச் சிறு தசைகள் கவனிக்கும்.

ஈக்கும் கொசுவுக்கும் சிறகுகள் இரண்டே. பின்னிரு சிறகுகள் குமிழ்முனை கொண்ட சிறு தண்டுகளாக மாறிவிட்டன. அவையும் சிறகுகளோடு சேர்ந்து துடிக்கும். உடல் சற்றே திரும்பினாலும் தண்டின் அடிப்பகுதியிலுள்ள உணர்வணுக்கள் அதனை உடனே அறிவிக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் டெர்ஹம் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இத்தண்டுகளை நீக்கினால் ஈ நிலைகுலையும் எனக் கண்டார். காரணத்தைப் பிரிங்கிள் என்னும் அறிஞர் 1948இல் விளக்கினார்.

ஆண் கொசு தன் உணர்கொம்பால் பெண்ணின் சிறகோசையைக் கேட்டு நாடிவரும், அது கடிப்பதில்லை. கடிக்கும் பெண் கொசு நம் மூச்சிலுள்ள கரியமில வாயு, உடல்வாடை, வெப்பம் ஆகியவற்றைப் பின்பற்றி வருகின்றது.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. வெட்டாமல் விட்ட மரத்தில் நிமிர்ந்திருக்கும் மங்கில் தேங்கும் மழைநீரே அதற்குப் போதும். ஏழு முதல் பத்து நாட்களில் சிறகு முளைத்துவிடும். அதுவரை அது நீரில் நெளியும் புழுவும் கூட்டுப்புழுவுமே. மங்கைக் கவிழ்த்தால் மண்ணில் மடியும். முட்டைகள் அவ்வாறல்ல. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே கவிழ்க்குமுன் மங்கின் உட்புறத்தை நன்கு தேய்த்துவிட வேண்டும்.